வீட்டிலிருந்து எழுதிய பதிவுக்காக மாணவியை இடைநீக்கம் செய்யலாமா?

மணிக்கூண்டு (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் துணை முதல்வராக இருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் மாணவி ஒருவருக்கு மூன்று நாள் இடைநீக்கக் கடிதம் தயாரித்துத் தரும்படி எங்கள் முதல்வர் பணித்திருக்கிறார். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நேற்று இரவு முதல் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களைக் குறைத்தே எழுதுகிறேன்.

வகுப்பு நேரத்தில் கழிப்பறைக்குச் செல்ல ஒரு மாணவருக்கு ஒரு நாளில் இரண்டு அனுமதிச் சீட்டுகள்தாம் என்று இந்தப் பருவத்தில் ஒரு விதி கொண்டுவந்தோம். பதினாறு வயது மாணவி ஒருவர் சனிக்கிழமை இரவு, தம் வீட்டிலிருந்து, தம் சொந்தக் கைப்பேசியில், இன்ஸ்டாகிராமில் அதைக் கண்டித்து எழுதினார். "எங்கள் உடம்புக்கும் இவர்களே மணி அடிக்கிறார்கள்" என்பது அதில் ஒரு வரி. சீட்டுகளைச் சரிபார்க்கும் ஆசிரியரைப் பெயர் குறிப்பிட்டுச் 'சிறைக்காவலர்' என்று எழுதியிருந்தார். திங்களன்று ஏறக்குறைய நாற்பது மாணவர்கள் சீட்டின் நிறத்திலேயே மஞ்சள் காகிதப் பட்டையை மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். எந்த வகுப்பும் நிற்கவில்லை. ஒரு வகுப்பில் மட்டும் ஐந்து நிமிடம் அதைப் பற்றிய பேச்சு நடந்ததாக ஆசிரியர் சொன்னார்.

ஆசிரியர்கள் சிலர் கொதித்துப் போயிருக்கிறார்கள். "இதை விட்டால் நாளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். ஒழுங்கைக் காக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தில் கையெழுத்திட எனக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

சட்டப்பலகை எழுதியது:

பள்ளி மாவட்டங்களின் தரப்பில் பல ஆண்டுகள் வழக்காடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள். இது பொதுவான விளக்கம்தான், உங்கள் மாவட்ட வழக்கறிஞரிடமும் கட்டாயம் கேளுங்கள்.

உங்கள் மஞ்சள் பட்டையைப் படித்தவுடன் நினைவுக்கு வருவது 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரில் நடந்தது. வியட்நாம் போரில் மாண்டவர்களுக்காகத் துக்கம் காட்டிச் சில மாணவர்கள் கறுப்புக் கைப்பட்டை அணியப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பள்ளி முதல்வர்கள், டிசம்பர் 14 அன்று கூடி, பட்டை அணிபவர்களை இடைநீக்கம் செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுத்தார்கள். பதின்மூன்று வயது மேரி பெத் டிங்கரும் அவர் அண்ணன் ஜானும் நண்பர் கிறிஸ்டோபர் எக்கார்ட்டும் அணிந்து சென்றார்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த மாவட்டத்தில் அப்போது படித்தவர்கள் 18,000 பேர், பட்டைக்காக இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் ஐந்தே பேர். 1969 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பேச்சுரிமையை யாரும் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்று நீதிபதி ஏப் ஃபோர்டஸ் எழுதிய வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நிர்வாகிகள் மனப்பாடம் செய்ய வேண்டியது இன்னொரு பகுதி: ஏதோ கலவரம் நேரலாம் என்ற பொத்தாம்பொதுவான அச்சம் தண்டிப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது. பள்ளியின் பணியைக் கணிசமாகக் குலைத்திருக்க வேண்டும், அல்லது குலைக்கும் என்று எதிர்பார்க்க உண்மையான ஆதாரம் இருக்க வேண்டும், அல்லது மற்றவர்களின் உரிமையில் கை வைத்திருக்க வேண்டும். "நாளைக்கு என்ன ஆகும்" என்று உங்கள் ஆசிரியர்கள் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு 1969-லேயே விடை சொல்லியாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு சாய்ந்து நின்ற இரண்டு வழக்குகளை நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் சேர்த்தே சொல்வேன். இரண்டும் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் கறுப்பின மாணவர்கள் குடிமை உரிமை இயக்கத்தின் பொத்தான் சின்னங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். இரண்டையும் 1966 ஜூலையில் ஒரே நாளில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. முதல் வழக்கில் மாணவர்கள் சின்னத்தை அணிந்துகொண்டு பேசாமல் பாடம் கேட்டார்கள், மாணவர்கள் வென்றார்கள். இரண்டாவதில், வேண்டாம் என்றவர்களின் சட்டையிலும் வலுக்கட்டாயமாகக் குத்தினார்கள், நடைகூடத்தில் கூச்சல் எழுந்தது, சின்னப் பிள்ளை ஒன்று அழுதது, பள்ளி வென்றது. நடந்தது என்ன என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்த்தது. சின்னத்தில் எழுதியிருந்த வாசகம் தீர்ப்பை முடிவு செய்யவில்லை.

சனிக்கிழமைப் பதிவுக்கு வருகிறேன். 2021-இல் பென்சில்வேனியா மாநிலத்து மஹனாய் பள்ளி மாவட்டத்தின் வழக்கு வந்தது. விளையாட்டு அணிகளுக்கு ஆரவாரம் செய்யும் உற்சாகக் குழுவின் முதன்மை அணியில் இடம் கிடைக்காத ஒரு மாணவி, ஒரு சனிக்கிழமை, கடை ஒன்றிலிருந்து, பள்ளியையும் குழுவையும் கெட்ட வார்த்தையால் திட்டி ஸ்னாப்சாட்டில் போட்டார். ஓராண்டு குழுவிலிருந்து விலக்கினார்கள். வகுப்பறையில் நேர்ந்த 'குலைவு' என்று பள்ளியால் காட்ட முடிந்தது, கணித வகுப்பில் ஓரிரு நாள் ஐந்து முதல் பத்து நிமிடப் பேச்சு. 8-1 என்று பள்ளி தோற்றது. பள்ளிக்கு வெளியே பேசுவதையும் உள்ளே பேசுவதையும் சேர்த்து இருபத்துநான்கு மணி நேரமும் பள்ளி கட்டுப்படுத்தினால், மாணவர் எங்குமே பேச முடியாமல் போகும் என்று நீதிபதி பிரையர் எழுதினார். உங்கள் மாணவி கெட்ட வார்த்தைகூடப் பயன்படுத்தவில்லை.

கணக்கு வாத்தியார் எழுதியது:

சட்டப்பலகை ஐயா சொன்ன வழக்குகளை மறுக்க எனக்குப் படிப்பு போதாது. ஆனால் ஒரு ஆசிரியரைப் பெயர் சொல்லிச் 'சிறைக்காவலர்' என்று எழுதுவது கருத்தா? அந்த மனிதர் விதியை உருவாக்கவில்லை, கொடுத்த வேலையைச் செய்தார். திங்களன்று எந்த முகத்தோடு வகுப்புக்குள் போயிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். கண்ணியமற்ற பேச்சைப் பள்ளி தண்டிக்கலாம் என்றும் ஒரு தீர்ப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சட்டப்பலகை எழுதியது:

இருக்கிறது, ஐயா. 1983-இல் மாணவர் தேர்தலுக்காக ஏறக்குறைய 600 பேர் கூடிய பள்ளி அரங்கில், தொடக்கம் முதல் முடிவு வரை ஆபாச இரட்டை அர்த்தத்தில் மேத்யூ ஃப்ரேசர் என்ற மாணவர் பேசினார். 1986-இல் உச்ச நீதிமன்றம் பள்ளி செய்தது சரி என்றது. ஆனால் அது பள்ளியே கூட்டிய கூட்டம், கேட்டவர்களில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பலர், பேச்சு ஆபாசம். கடுமையான சொல் எல்லாவற்றுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அந்த ஆசிரியரின் மனவருத்தம் உண்மையானது, அவரை முதல்வர் நேரில் கூப்பிட்டுப் பேச வேண்டும். அதற்கு ஒரு மாணவியின் மூன்று நாள் படிப்பு விலை ஆகக் கூடாது.

இன்னொன்றையும் மணிக்கூண்டுக்குச் சொல்ல வேண்டும். 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசமைப்பு உரிமையைப் பறித்த அரசு அலுவலர் மீது நேரடியாக வழக்குத் தொடர வழிசெய்கிறது. உரிமை தெளிவாக நிலைபெறாத இடத்தில் அலுவலருக்குப் பாதுகாப்பு உண்டு. இங்கே ஐம்பது ஆண்டுக்கு மேல் நிலைபெற்ற உரிமை என்பதால் அந்தக் குடை விரியும் என்று நம்பி இருக்க முடியாது. தோற்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணமும் மாவட்டத்தின் தலையில் விழும். கையெழுத்து உங்களுடையது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள், எனக்குக் கோபம் வருகிறது.

என் மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அவனுடைய திக்குவாயைக் கிண்டல் செய்து வகுப்புப் பிள்ளைகள் காணொளி எடுத்துக் குழுவில் பகிர்ந்தார்கள். நான் அச்செடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். "இது பள்ளிக்கு வெளியே நடந்தது, அவர்களுக்கும் பேச்சுரிமை உண்டு, எங்களால் ஒன்றும் செய்ய இயலாது" என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்து மாதம் அவன் மதிய உணவை நூலகத்தில் சாப்பிட்டான். நீங்கள் எல்லோரும் புகழ்கிற அதே உரிமையைச் சொல்லித்தான் என் முகத்தின் முன்னே கதவைச் சாத்தினார்கள். நிர்வாகத்தைத் திட்டினால் இடைநீக்கம், ஒரு குழந்தையைத் திட்டினால் பேச்சுரிமை என்றால் இது எந்த ஊர் நியாயம்?

சட்டப்பலகை எழுதியது:

அம்மா, உங்களிடம் அவர்கள் சொன்னது சட்டமே அல்ல. சட்டத்தைக் காரணம் காட்டி வேலையைத் தட்டிக் கழித்தார்கள். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறு மற்றதைவிட அதிகமாக நடக்கிறது என்பது என் அனுபவம்.

1969 தீர்ப்பிலேயே மற்றவர்களின் உரிமையில் கை வைப்பது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மஹனாய் வழக்கில் பள்ளி தோற்றபோதும், குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைக்கும் கடுமையான துன்புறுத்தலும், ஆசிரியர் அல்லது மாணவர்க்கு எதிரான மிரட்டலும் பள்ளிக்கு வெளியே நடந்தாலும் பள்ளி தலையிடத்தக்கவை என்று நீதிமன்றம் வெளிப்படையாகப் பட்டியலிட்டது. ஆகவே 'வெளியே நடந்தது' என்ற ஒற்றைச் சொல்லோடு கோப்பை மூட முடியாது.

தலையிடும் அதிகாரம் உண்டு என்பதோடு இது நிற்பதில்லை. சில இடங்களில் தலையிடுவது கடமை. 1999-இல் ஜார்ஜியா மாநிலத்து மன்ரோ மாவட்ட வழக்கைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்த பையன் மாதக்கணக்கில் பாலியல் தொல்லை கொடுத்தான். அவள் ஒவ்வொரு முறையும் ஆசிரியரிடம் சொன்னாள், தாயும் சொன்னார். அவளுடைய இருக்கையை மாற்றுவதற்கு மட்டும் மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. நாற்காலி ஒன்றை நகர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? 5-4 என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது இது: மாணவர் மாணவருக்குத் தரும் தொல்லை கடுமையானதாகவும் படிப்பையே பறிக்கும் அளவுக்கு விரிந்ததாகவும் இருந்து, பள்ளிக்கு அது தெரிந்திருந்தும், தெரிந்தே அலட்சியம் காட்டினால், கூட்டாட்சி நிதி பெறும் பள்ளி இழப்பீட்டுக்குப் பொறுப்பாகும். பாலினம் பற்றிய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. அதே அளவுகோலைப் பல நீதிமன்றங்கள் உடற்குறை பற்றிய 1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பொருத்துகின்றன. திக்குவாய் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரக்கூடியது. உங்கள் கையிலிருந்த அச்சுத்தாள்களைப் பார்த்த கணமே பள்ளிக்கு 'தெரியாது' என்று சொல்லும் வழி அடைபட்டுவிட்டது.

அச்சுமை எழுதியது:

உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இதழின் ஆசிரியராக இருந்தேன். பள்ளி உணவகத்தின் ஒப்பந்தம் பற்றி இரண்டு வாரம் அலைந்து எழுதிய கட்டுரையை அச்சுக்குப் போகும் நாளன்று எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கூடைப்பந்து அணியின் படம் வந்தது. இடைநீக்கத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்: பெரும்பாலான இடங்களில் வாயை அடைப்பது இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கிறது.

1988 ஹேசல்வுட் தீர்ப்பில், மாணவியரின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் எழுதிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களை முழுவதும் நீக்கிய மிசூரி மாநிலப் பள்ளி முதல்வரின் செயலை 5-3 என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. பள்ளியின் பெயரில், பாடத்தின் பகுதியாக வரும் இதழில், நியாயமான கல்விக் காரணம் இருந்தால் நிர்வாகம் கை வைக்கலாம். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தம் சட்டத்தின் மூலம் மாணவர் இதழுக்குக் கூடுதல் பாதுகாப்பு தந்திருக்கின்றன. உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கூட்டாட்சி நீதிமன்றத்தின் தீர்ப்புகள் தருவது குறைந்தபட்ச அளவு மட்டுமே.

புதியவன் எழுதியது:

தனியார் பள்ளியிலும் இதே உரிமை உண்டா?

சட்டப்பலகை எழுதியது:

பொதுவாக இல்லை. பேச்சுரிமை தரும் அமெரிக்க அரசமைப்பின் முதலாம் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் பள்ளியில் சேரும்போது கையெழுத்திட்ட விதிநூலும் மாநிலச் சட்டமும்தாம் துணை. மேலே அச்சுமை சொன்ன கலிபோர்னியாவில், 1992-இல் இயற்றிய ஒரு சட்டம் சமயம் சாராத தனியார் உயர்நிலைப் பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது. அது அரிதான விலக்கு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

இழை அமெரிக்காவைப் பற்றியது என்று தெரியும், இருந்தாலும் நம் நாட்டு வழக்கு ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1985 ஜூலையில் கேரளத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், நாட்டுப்பண் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த அவர்கள், பாடும் நேரமெல்லாம் மரியாதையுடன் எழுந்தே நின்றார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 1986 ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அமெரிக்க நீதிமன்றம் கொடி வணக்கம் பற்றி 1943-இல் வழங்கிய பார்னெட் தீர்ப்பையும் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதில் எடுத்து விவாதித்தார். பள்ளித் துறையின் சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் வலு கிடையாது, அதைக் காட்டி அடிப்படை உரிமையைக் குறைக்க முடியாது என்ற பகுதி என்னைப் போன்றவர்களுக்கு நேரே சொன்னது. சுற்றறிக்கையை வேதமாக எண்ணிப் பணியாற்றிய தலைமுறை நாங்கள்.

தாய்மார் ஒருவர் மேலே எழுதியதற்கும் ஒரு சொல். நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012 போக்சோ சட்டத்தின்படி, தம் கீழ் பணியாற்றுபவர் செய்த பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனத் தலைவர்க்கு ஓராண்டு வரை சிறை. பள்ளியின் பெயர் கெடும் என்று பேசாமல் இருக்கச் சொன்ன மேலதிகாரி ஒருவரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அன்று இந்தச் சட்டம் இல்லை. நானும் பேசாமல் இருந்தேன், அது இன்றும் உறுத்துகிறது.

மணிக்கூண்டு எழுதியது:

புதன் இரவு எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் பதிவைப் படித்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை, அதனால் இன்று காலை ஏழு மணிக்கே அலுவலகம் போய் மாணவியின் பதிவையும் அதன் கீழ் வந்த பின்னூட்டங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். திங்களன்று அலுவலகத்தில் அச்செடுத்து எனக்குக் கொடுத்தவை மொத்தம் நான்கு தாள்கள். முதல் தாளில் 'சிறைக்காவலர்' என்ற சொல்லின் மேல் மஞ்சள் மைக்கோடு. இரண்டாம் தாளில் நிர்வாகத்தைப் பற்றிய மூன்று வரிகளின் மேல் மைக்கோடு. மூன்றாம் தாளில் ஒரு கோடும் இல்லை. அதில்தான், குடல் நோய் உள்ள ஒரு மாணவி அடிக்கடி வெளியே போவதைச் சொல்லி, அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டி, பையன்கள் இருவர் மாறி மாறிப் பதினொரு முறை எழுதியிருந்தார்கள். மருத்துவக் காரணத்தால் சீட்டுக் கணக்கிலிருந்து அந்த மாணவிக்கு விலக்கு தந்ததே நான்தான். அந்தத் தாள் இரண்டு நாள் என் மேசையில், என் கண்ணெதிரே இருந்தது. எங்களைச் சுட்ட வரிகளையெல்லாம் தேடித் தேடிக் குறித்தோம், ஒரு பிள்ளையைச் சுட்ட வரிகளைத் தாண்டிப் போனோம்.

நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனேன். மாவட்ட வழக்கறிஞரையும் தொலைபேசியில் அழைத்தோம், அவர் சொன்னது ஏறக்குறைய சட்டப்பலகை சொன்னதுதான். இடைநீக்கக் கடிதம் எழுதப்படாது. எழுதாததற்கான காரணத்தை ஒரு பக்கத்தில் தேதியிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். சிறைக்காவலர் என்று சொல்லப்பட்ட ஆசிரியரோடு அரை மணி நேரம் பேசினேன். அவர் சமாதானம் ஆகவில்லை, அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. விதியின் மீது பேச விரும்பினால் பள்ளி வாரியக் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம் என்று மாணவிக்குச் சொன்னேன், கொடுத்துவிட்டார்.

பையன்கள் இருவரையும் தனித்தனியே அழைத்தோம். தண்டனையை முதலில் முடிவு செய்துவிட்டு அழைக்கவில்லை. 1975 காஸ் தீர்ப்பு சொல்கிறபடி, என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம் என்று காட்டி, அவர்கள் பக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டோம். ஒருவன் அழுதான். அந்த மாணவியின் பெற்றோருக்கு மதியம் நானே தொலைபேசியில் சொன்னேன். அவர்களுக்கு அந்தப் பதினொரு வரிகளும் ஏற்கெனவே தெரிந்திருந்தன.

இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

அந்தப் பையன்கள் எங்கே உட்காருகிறார்கள்?

மணிக்கூண்டு எழுதியது:

வேதியியல் வகுப்பில் அவருக்கு நேர் பின்னால் இருந்தார்கள், அம்மா. இடம் மாற விரும்புகிறாரா என்று அவரைத்தான் முதலில் கேட்டோம். தம் இடத்திலேயே இருப்பதாகச் சொன்னார். பையன்கள் இருவரையும் இன்றைய ஐந்தாம் பாடவேளையிலேயே வேறு வரிசைக்கு மாற்றியாகிவிட்டது.